ஊசிக்கும் இட்லிக்கும் நடுவில் கால் மணி நேரம்

எனக்கு டைப் 1 சர்க்கரை பள்ளிக்கூட நாளிலேயே வந்துவிட்டது. அதனால் இரண்டு வகைச் சாப்பாட்டு இன்சுலினையும் ஆண்டுக்கணக்கில் போட்டுப் பார்த்தாயிற்று. முதலில் சிரிஞ்சில் ரெகுலர் என்ற பழைய வகை. இப்போது பேனா வடிவ ஊசியில் ஆஸ்பார்ட் என்ற வேக வகை, அதாவது மருந்துக்கடையில் நோவோராபிட் என்று கேட்டு வாங்குவது. இரவில் தனியாக கிளார்ஜின், நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் இன்சுலின். எத்தனை யூனிட் போடுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போடுகிறாய் என்று கேட்பவர்கள்தான் குறைவு. சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரையை இந்த இடைவெளி எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரெகுலர் காலத்தில் விதி ஒன்றுதான்: போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திரு. சிவப்பு மூடி சிரிஞ்ச், ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. குளிக்கப் போகும் முன் ஊசி, சீருடை மாட்டி வந்ததும் தட்டு. காலையில் இது பழகிவிடும். சிக்கல் அப்புறம்தான். ரெகுலர் உச்சத்துக்கு வரவே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதன் வால் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை நீளும். எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி செரித்து முடிந்த பிறகும் இன்சுலின் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். பதினொரு மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், வியர்க்கும். பையில் பிஸ்கட் இல்லாமல் நான் வகுப்புக்குப் போனதே இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் ஆறாறாகக் கூடி ஒட்டிக்கொண்டிருக்கும். தோலுக்கடியில் போனபின் அவை பிரிந்து தனித்தனியானால்தான் ரத்தத்துக்குள் நுழைய முடியும். ஆஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற வேக இன்சுலின்களில் ஓரிரு அமினோ அமிலங்களை மட்டும் மாற்றி, சீக்கிரம் பிரியும்படி செய்திருக்கிறார்கள். பத்து, இருபது நிமிடத்தில் வேலை தொடங்கும். மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். பதினொரு மணி பிஸ்கட்டிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்தது இதனால்தான்.

ஆனால் வேகமான இன்சுலின் என்றதும், "சாப்பிட உட்காரும்போது போட்டால் போதும்" என்ற பேச்சும் கூடவே வந்தது. அந்தப் பேச்சு எனக்குப் பாதிதான் பொருந்தியது. சர்க்கரையை ஓயாமல் அளந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு இட்லி, சாம்பார், கொஞ்சம் சட்னி. நடுத்தர இட்லி ஒன்றில் மாவுச்சத்து சுமார் 10, 12 கிராம் இருக்கும். வெந்த அரிசி மாவு, மென்று முடிக்கும் முன்பே சர்க்கரையாகிவிடும் சங்கதி. ஊசி போட்ட கையோடு சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் கோடு 240, 250 என்று மலையேறும். பிறகு மூன்றாவது மணியில் தானாகவே 120க்கு இறங்கிவிடும். இறங்குகிறது என்றால் அளவு சரி என்றுதானே அர்த்தம்? டாக்டரும் அதையே சொன்னார்: "யூனிட்டைத் தொடாதீங்க, நேரத்தை மட்டும் மாத்திப் பாருங்க." அதே நான்கு இட்லி, அதே யூனிட், ஊசிக்குப் பின் 15 நிமிடம் பொறுத்துச் சாப்பிட்டால் உச்சம் 170, 180இல் நின்றுவிடுகிறது. அன்றைக்கு மதியம்வரை வரும் அந்தக் களைப்பும் எரிச்சலும்கூடக் குறைவு.

இந்தக் கால் மணியை எல்லாச் சாப்பாட்டுக்கும் நீட்டக் கூடாது. நெய் மிதக்கும் வெண்பொங்கலுக்கு அதே இடைவெளி விட்டால் எனக்கு முதலில் சர்க்கரை தாழும், அப்புறம் ஏறும். கொழுப்பு வயிற்றைத் தாமதமாகக் காலியாக்குவதால் இன்சுலின் முந்திக்கொள்கிறது. பொங்கலுக்கு ஐந்து நிமிடம் போதும். மட்டன் பிரியாணி இன்னும் மோசம்: இரண்டு மணி நேரம் சாது போல இருந்துவிட்டு, படுக்கப் போகும் நேரத்தில் ஏற ஆரம்பிக்கும். அதற்கு டாக்டரைக் கேட்டு அளவைப் பிரித்துப் போடுகிறேன், பெரும்பகுதி முதலில், மீதி ஒன்றரை மணி நேரம் கழித்து. பிரியாணி சாப்பிட்ட இரவில் அவசரப்பட்டுக் கூடுதல் ஊசி போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முந்தைய ஊசி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்றைப் போட்டால் இரண்டும் சேர்ந்து நடுராத்திரியில் சர்க்கரையைக் கீழே இழுத்துப் போட்டுவிடும்.

உட்காரும்போது இருக்கும் சர்க்கரையும் கணக்கில் சேரும். 200க்கு மேல் இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுகிறேன். 80க்குப் பக்கத்தில் இருந்தால் காத்திருப்பதே இல்லை, முதல் கவளம் உள்ளே போனபின்தான் ஊசி. 70க்குக் கீழே என்றால் சாப்பாட்டுப் பேச்சே கிடையாது. முதலில் 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி கழித்து மறுபடி சோதனை. சென்சாரை அந்த நேரத்தில் முழுசாக நம்புவதில்லை. ரத்தத்தைவிட ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கித்தான் காட்டும் என்பதால் விரலைக் குத்திப் பார்த்துவிடுவேன். இதெல்லாம் என் உடம்புக்கான கணக்கு. உங்கள் எண்களை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியேதான் இந்த ஒழுங்கு ஆட்டம் காண்கிறது. கல்யாண வீட்டில் "அடுத்த பந்தி நம்மதான்" என்பார்கள். உட்கார்ந்திருக்கும் பந்தி எழ முக்கால் மணி நேரம் ஆகும். ஹோட்டலில் "அஞ்சே நிமிஷம் சார்" என்றால் இருபது நிமிடம். அதனால் வெளியில் எனக்கு ஒரே சட்டம்: இலையில் சோறு விழுந்தபின்தான் ஊசி. கொஞ்சம் ஏறினால் ஏறட்டும். ஏறிய சர்க்கரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பந்தி வாசலில் மயங்கி விழுவதை அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது. முதல் சுற்றில் வரும் பாயாசத்தைக் கடைசிக்குத் தள்ளி, பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டால் இன்சுலினுக்குச் சில நிமிடம் கடனாகக் கிடைக்கும். "சாப்பாட்டு இலை முன்னாடி ஊசியா?" என்று முகம் சுளித்த பெரியம்மா, இப்போது என் பக்கத்து இலைக்காரரிடம் அவரே விளக்கம் சொல்கிறார்.

சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் பெற்றோர் கேட்பது வேறு. எவ்வளவு சாப்பிடும் என்றே தெரியாத பிள்ளைக்கு எப்படி முன்கூட்டிப் போடுவது? வேக இன்சுலினில், சாப்பிட்டு முடித்த உடனே, தின்ற அளவுக்குப் போட டாக்டர்கள் சொல்வதுண்டு. ரெகுலரில் அந்த வசதி இல்லை.

பேனா விஷயத்தில் இரண்டு சின்னச் சமாச்சாரம். ஒவ்வொரு முறையும் 2 யூனிட் காற்றில் விட்டு, ஊசி நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டே போடுவேன். அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுப்பதில்லை. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டிய சதையில் போட்டால் இன்சுலின் தன் இஷ்டத்துக்கு உறிஞ்சப்படும். நீங்கள் கடிகாரம் பார்த்துக் காத்திருந்தது வீண். எனக்கு வயிற்றில் போட்டால் சீக்கிரம் பிடிக்கிறது, தொடையில் மெதுவாக. அதனால் சாப்பாட்டு ஊசிக்கு வயிறு, கிளார்ஜினுக்குத் தொடை.

விலை என்று வந்தால் ரெகுலர் பக்கம்தான் சாயும். அரசு மருத்துவமனையில் வாங்குபவர்கள் பலர் இன்றும் அதில்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் மாறாமல், அரை மணி காத்திருக்கவும் இடைப்பலகாரம் சாப்பிடவும் முடிகிறவர்களுக்கு அது நன்றாகவே ஓடும். ஷிப்ட் வேலை, பஸ் பயணம், நேரம் தப்பிய சாப்பாடு என்று வாழ்பவர்கள் கையில் பணம் இருந்தால் வேக இன்சுலினுக்கு மாறுவதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மாறும் நாளில் பழைய 40 யூனிட் சிரிஞ்சை ஒதுக்கி வைத்துவிடுங்கள்; பேனா மருந்து மில்லிக்கு 100 யூனிட், அதை அந்த சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.