மூலதனச் செலவுக் கணக்கில் பீட்டா: ரிக்ரெஷனா, துறைச் சராசரியா?

கோயம்புத்தூர்ப் பக்கத்தில், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு சிறிய நூற்பாலைக்கு எடையிட்ட சராசரி மூலதனச் செலவு (பங்குதாரரும் கடன் கொடுத்தவரும் எதிர்பார்க்கும் வருமான விகிதங்களை, அவரவர் போட்ட பணத்தின் அளவுக்கேற்பச் சேர்த்த சராசரி) கணக்கிட வேண்டியிருந்தது. பெரும்பாலான விஷயங்களில் குழப்பமே இல்லை. ரிஸ்க் இல்லாத வட்டிக்கு 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் ஈல்டு, அதாவது இன்றைய விலையில் வாங்கினால் கிடைக்கும் வருமான விகிதம். வரிக்கு, 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ பிரிவில் (சலுகைகளை விட்டுவிட்டுக் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் வழி) போன கம்பெனி என்பதால் 25.17%. பங்கு மூலதனத்துக்குச் சந்தை மதிப்பு, கடனுக்கு இன்று புதிதாக வாங்கினால் வங்கி கேட்கும் வட்டி. சந்தை பிரீமியம் (அரசுப் பத்திரத்தைவிடப் பங்குச் சந்தையில் கூடுதலாக எதிர்பார்க்கும் வருமானம்) எவ்வளவு என்பதில் வாதம் உண்டுதான், ஆனால் எந்தக் கம்பெனியை எடுத்தாலும் அது ஒரே எண். கடைசியில் எல்லாம் வந்து நிற்பது பீட்டாவில், அதாவது சந்தை 1% நகர்ந்தால் இந்தப் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் நகரும் என்ற எண்ணில்.

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, அந்தப் பங்கின் பழைய விலை மாற்றங்களை நிஃப்டி குறியீட்டின் மாற்றங்களோடு வைத்து ரிக்ரெஷன் போடுவது, அதாவது இரண்டுக்கும் பொருந்தும் ஒரு நேர்கோட்டின் சாய்வைக் காண்பது. எக்செல்லில் ‘ஸ்லோப்’ என்று ஒரு ஃபார்முலா போட்டால் எண் வந்துவிடும். எங்கிருந்து வந்தது என்று ஆடிட்டர் கேட்டால் ஷீட்டைக் காட்டிவிடலாம். இதன் பெரிய பலமே அதுதான். இரண்டாவது, அதே தொழிலில் இருக்கும் பல கம்பெனிகளின் பீட்டாவை எடுத்து, ஒவ்வொன்றிலும் கடனின் பாதிப்பை நீக்கி (கடன் கூடினால் பீட்டாவும் கூடும்), சராசரி கண்டு, நம் கம்பெனியின் கடன் அளவை அதில் திரும்ப ஏற்றுவது. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். இனி ஒரு சிறிய கம்பெனி கையில் வந்தாலும் அதையே எடுப்பேன்.

காரணம் ஒன்றுதான்: வியாபாரமே நடக்காத பங்கின் பீட்டா பொய் சொல்லும். இப்படிப்பட்ட பங்கின் தினசரி விலையை ஷீட்டில் இறக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நிஃப்டி 2% இறங்கிய நாளில் இந்தப் பங்கின் கட்டத்தில் 0.00 என்று இருக்கும். அன்று கைமாறியதே நூறு இருநூறு பங்குகளாக இருக்கும், அதுவும் காலையிலேயே. இரண்டு நாள் கழித்து, நிஃப்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, இது 5% லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் இறங்க அனுமதிக்கும் எல்லையில்) போய் நிற்கும். பங்கு சந்தையோடு நகரத்தான் செய்கிறது, ஆனால் தாமதமாக. ரிக்ரெஷன் ஒரே நாளின் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடுவதால், இதைச் சந்தையோடு சம்பந்தமில்லாத பங்கு என்று முடிவுகட்டிவிடுகிறது. தினசரி விலைக்குப் பதில் வார, மாத விலை எடுத்தால் கொஞ்சம் தேறும். ஆனால் அப்போது புள்ளிகள் குறைந்து, பிழை வரம்பு அகன்றுவிடும்.

இதன் விலை என்ன என்று எண் வைத்தே பார்க்கலாம். விளக்கத்துக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். ரிக்ரெஷன் பீட்டா 0.45, அரசுப் பத்திரம் 7%, சந்தை பிரீமியம் 7%. பத்திர ஈல்டோடு, பீட்டாவால் பெருக்கிய பிரீமியத்தைக் கூட்டினால் (7% + 0.45 × 7%) பங்கு மூலதனச் செலவு 10.15% வரும். அந்த ஆலைக்கு வங்கி 10% வட்டியில் கடன் தருகிறது. அடமானம் பிடித்துக்கொண்டு, முதல் உரிமையோடு உட்கார்ந்திருக்கும் வங்கியே 10% கேட்கும்போது, எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சியதை எடுத்துக்கொள்ளும் பங்குதாரர் 10.15% போதும் என்பாரா? இந்த ஒரு கேள்விக்கு ரிக்ரெஷன் தரப்பில் பதில் இல்லை.

இப்போது துறைச் சராசரி. கடன் நீக்கிய பீட்டா 0.80 என்றும், நம் ஆலையில் 1 ரூபாய் பங்கு மூலதனத்துக்கு 80 பைசா கடன் என்றும் வைத்துக்கொள்வோம். வரியைக் கழித்துக் கடனை ஏற்றினால் (0.80 × (1 + 0.7483 × 0.80)) பீட்டா 1.28, பங்கு மூலதனச் செலவு ஏறக்குறைய 16%. வரி போகக் கடன் செலவு 7.5%. சராசரி மூலதனச் செலவு 12.2% ஆகிறது, முதல் வழியில் அது 9% தான். வருடம் 10 கோடி ரூபாய் வளர்ச்சியில்லாமல் நிலையாக வரும் தொழிலுக்கு, ஒரு வழியில் மதிப்பு சுமார் 111 கோடி, இன்னொரு வழியில் 82 கோடி. புது ஸ்பிண்டில் போடலாமா வேண்டாமா என்ற முடிவே இதில் மாறிவிடும்.

இரண்டாவது வழியிலும் வேலை இருக்கிறது. கேபிஆர் மில்லைச் சேர்த்தால் சர்க்கரையும் எத்தனாலும் கூடவே வரும், டிரைடென்ட்டில் காகிதம் இருக்கிறது. நூல் மட்டும் செய்கிற கம்பெனிதான் வேண்டும் என்று நின்றால் பட்டியல் சுருங்கிவிடும். அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: சராசரி எடுப்பது தற்செயல் பிழையைக் குறைக்கும், எல்லோருக்கும் ஒரே பக்கம் சாய்ந்த பிழையைக் குறைக்காது. பட்டியலில் உள்ள ஆலைகள் எல்லாமே வியாபாரம் குறைந்த பங்குகள் என்றால், சராசரியும் குறைவாகத்தான் வரும். அதனால் தினமும் நன்றாகக் கைமாறும் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டேன். நியூயார்க் பல்கலைக்கழக நிதித்துறைப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் ஒவ்வொரு ஜனவரியும் துறைவாரியான பீட்டாக்களை இலவசமாக வெளியிடுகிறார். நம் சராசரி அதிலிருந்து ரொம்ப விலகினால் ஏன் என்று தேடுவது நல்லது. ஆலைக்குச் சொந்தக் காற்றாலை இருந்து, அதன் மின்சாரத்தை வெளியே விற்றால், அந்தப் பகுதிக்கு மின்துறை பீட்டாவைத் தனியாக எடுத்து மதிப்புக்கேற்பச் சேர்க்கலாம். ரிக்ரெஷனில் இதற்கு இடமே இல்லை.

நிஃப்டி 50-இல் உள்ள, கடன் அளவு பல ஆண்டுகளாக மாறாத கம்பெனிக்கு ரிக்ரெஷன் போதும் என்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். அங்கே இரண்டு எண்ணும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். வங்கிகளுக்கு இந்த முறையை நான் செய்து பார்த்ததில்லை. அவர்களுக்குக் கடன்தான் சரக்கு, அதனால் கடனை நீக்கி ஏற்றும் கணக்கு அப்படியே பொருந்தாது.

அறிக்கையில் ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், கடன் நீக்கிய பீட்டா 0.70 முதல் 0.90 வரை போனால் என்ன ஆகும் என்றும் காட்டினேன். மேலே உள்ள எண்களில் மூலதனச் செலவு 11.6% முதல் 12.8% வரை நகரும். ரிக்ரெஷனில் பீட்டாவின் திட்டப் பிழை (ஸ்டாண்டர்டு எரர்) 0.25 என்றால், மூலதனச் செலவின் 95% வரம்பே 7% முதல் 10.9% வரை விரிகிறது. 7% என்பது அரசுப் பத்திரத்தின் ஈல்டு.