டிரெய்லர் உள்வேலைக்குக் கொடுத்த 3,400 டாலர்: டல்லாஸ் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மூடிய டிரெய்லர்களை மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கு ஏற்றபடி உள்வேலை செய்து தரும் ஒரு பட்டறையில் 3,400 டாலரைப் பறிகொடுத்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். வழக்குத் தொடுக்கவிருப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என்னுடையது 6 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள ஒற்றை அச்சு டிரெய்லர். ஆஸ்டின் பந்தயத் தடத்துக்கு இரண்டு வண்டிகளையும் கருவிப் பெட்டியையும் கொண்டுசெல்வதற்காக, தரையில் இ-டிராக் தண்டவாளங்கள் (கட்டும் பட்டைகளை மாட்டத் துளைகள் உள்ள இரும்புப் பட்டிகள்), முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் வீல் சாக், முன்சுவரை ஒட்டி ஓர் அலமாரி ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். பட்டறை உரிமையாளர் மண்ணில் படுத்து டிரெய்லருக்கு அடியில் டார்ச் அடித்து, இரும்புக் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டி, "போல்ட் எல்லாம் இதில்தான் இறங்கும், பிளைவுட்டை நம்பி நான் எதையும் கட்டுவதில்லை" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான், குறைந்த விலை கேட்ட இன்னொரு பட்டறையை விட்டுவிட்டு, இவரிடம் 3,400 டாலருக்குக் காசோலை எழுதினேன்.

ஐ-35 நெடுஞ்சாலையில் வேகோவை நெருங்கும்போது ஒரு தண்டவாளம் தரையிலிருந்து பிய்ந்து, ஒரு வண்டி மற்றதன்மேல் சாய்ந்தது. வண்டியைத் தண்டவாளத்தோடு கட்டும் ராட்செட் பட்டையை இறுக்கினால் முன் சஸ்பென்ஷன் அமுங்கும். அது மீண்டும் எழும்ப முயலும் விசை முழுவதும் தண்டவாளத்தை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில், ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், வெறும் மரத்திருகுகள்! முக்கால் அங்குலப் பிளைவுட்டைத் தாண்டி ஒன்றுகூட இரும்பைத் தொடவில்லை. அலமாரியையும் "இட வசதிக்காக" அச்சுக்குப் பின்னால் மாற்றியிருந்தார்கள். எடை பின்னால் போனதால்தான் டிரெய்லர் வழிநெடுக வாலாட்டியது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

தொலைபேசியில் முதலில் கிடைத்த பதில், வேலை செய்தவர் விடுப்பில் இருக்கிறார் என்பது. பிறகு, நான் பட்டையை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன் என்றார்கள். படங்களை அனுப்பியதும் உரிமையாளரே பேசினார்: உத்தரவாதம் பொருளுக்குத்தானாம், பொருத்தியதற்கு இல்லையாம், தண்டவாளம் உடையவில்லையே என்று என்னையே திருப்பிக் கேட்டார். அடுத்த வேலைக்கு 150 டாலர் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார். அடுத்த வேலையாம்! அதன்பின் அழைப்பை எடுப்பதே இல்லை.

டிரெய்லர் உள்வேலையில் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. ரப்பர் விரிப்பு போடுவதற்கு முன் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அடியில் குனிந்து போல்ட் நுனியும் நட்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். சுமையேற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல், அதாவது டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் இடத்தின் மேல், விழ வேண்டும். எடை போட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். காசோலை வேண்டாம், கிரெடிட் கார்டில் கொடுங்கள்.

டெக்சஸ் ஜஸ்டிஸ் நீதிமன்றங்களில் 20,000 டாலர் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். 3,400 டாலரோடு வண்டிகளின் சேதத்தையும் சேர்த்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். டல்லாஸ் வட்டாரத்தில் இத்தகைய உள்வேலை செய்து வாங்கியவர்கள் இன்றே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மரத்திருகு தென்பட்டால் படத்தை எனக்கு அனுப்புங்கள்.