ஆறு மாத கோர்ஸா, இரண்டு வருட எம்.எஸ்ஸியா?

பி.எஸ்ஸி கணிதம் முடித்து பெங்களூரு வந்தபோது என் முன்னால் இரண்டு வழிதான் இருந்தன. ஒன்று இங்கே மாரத்தஹள்ளி பகுதியில் ஆறு மாத ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (வெப்சைட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எழுதக் கற்றுத்தருவது), இன்னொன்று எம்.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ். நான் எம்.எஸ்ஸிக்குப் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பக்கம்தான் சாய்வேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, காலம், சீக்கிரம் கைக்கு வரும் சம்பளம் எல்லாவற்றிலும் கோர்ஸ்தான் மேல். வீட்டில் கடன் நெருக்குகிறது என்றால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள். கோடு அடிப்பதிலும் கோர்ஸ் முடித்தவர்கள்தான் வேகம். எங்கள் வகுப்பில் முதல் செமஸ்டர் தாண்டியும் ஒழுங்காக ஒரு வெப்பேஜ் போடத் தெரியாதவர்கள் இருந்தார்கள்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: படித்தது எத்தனை வருஷம் தாங்கும்? வெப்சைட் கட்ட உதவும் ஆங்குலர்ஜேஎஸ் என்ற கருவி 2010-ல் வந்தது. 2021 டிசம்பரோடு கூகுள் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. கணினி விஞ்ஞானி எட்கர் காட் 1970-ல் முன்வைத்த ரிலேஷனல் மாடலோ (தகவலை அட்டவணைகளாக வைக்கும் முறை) இன்னும் வங்கிக் கணக்குகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

டேட்டாபேஸில் தேடல் மெதுவாக இருந்தால் "இண்டெக்ஸ் போடு" என்று, அதாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல ஒன்றைப் போடு என்று, கோர்ஸிலும் சொல்லித்தருவார்கள். போட்டால் பெரும்பாலும் வேகமாகும். அதன் காரணம் எம்.எஸ்ஸியில் பி-ட்ரீ (இண்டெக்ஸை மரம் போலக் கிளைகிளையாக அடுக்கும் முறை) படிக்கும்போதுதான் பிடிபடும். ஒரு நோடுக்கு (கிளை பிரியும் இடத்துக்கு) 200 கிளை என்று வைத்துக்கொண்டால், நாலே படியில் 160 கோடிப் பதிவுகளுக்குள் வேண்டியதை எட்டிவிடலாம். வரிசைப்படி அடுக்கியிருப்பதால்தான் இது முடிகிறது என்று தெரிந்தவருக்கு, பெயரின் நடு எழுத்துகளை வைத்துத் தேடினால் அதே இண்டெக்ஸ் ஏன் கைவிடுகிறது என்பதும் யாரும் சொல்லாமலே புரியும். எந்த டேட்டாபேஸுக்கு மாறினாலும் இந்தப் புரிதல் கூடவே வரும்.

முடியாததை முடியாது என்று நிரூபிக்கவும் எம்.எஸ்ஸியில்தான் கற்றேன். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாதா என்று சரியாகச் சொல்லும் புரோகிராமை எழுதவே முடியாது என்று கணித அறிஞர் ஆலன் டூரிங் 1936-லேயே காட்டிவிட்டார். (மேனேஜர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை.)

ஏஐ கோடு எழுதும் இந்தக் காலத்தில் புதிதாக வருபவர்களில் யாருக்கு அடி அதிகம்? வேலைக்கு ஆள் எடுத்த அனுபவம் எனக்கில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே சென்னை ஐஐடியின் ஆன்லைன் பி.எஸ். படிப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அதில் எவ்வளவு ஆழம் போகிறார்கள் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கோர்ஸில்தான் சேரப்போகிறீர்கள் என்றால், என்பிடெலில் (ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் கிடைக்கும் இணையதளம்) டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் மூன்றையும் கூடவே பாருங்கள். வீடியோ இலவசம், சர்டிஃபிகேட் வேண்டுமென்றால்தான் தேர்வுக்குக் கட்டணம்.