நாவலா, படப்புத்தகமா? கோத்தகிரி ஈரத்தில் ஒரு தையல்கடை அலமாரி

லைனிங் துணி, ஹூக், நூல்கண்டு எடுக்க வருஷத்தில் நாலைந்து தடவை கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் இறங்குவேன். அதில் ஒரு பயணத்தை ஜூலையில் புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களுக்கென்று ஒதுக்கி வைத்துவிடுவேன். சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய் கையில் இருக்கும். நாவலாக எடுத்தால் ஆறேழு வாங்கலாம். கிராஃபிக் வாழ்க்கை வரலாறு, அதாவது ஒருத்தருடைய வாழ்க்கையைப் படம் படமாக வரைந்து சொல்லும் புத்தகம் என்றால் மூன்றோடு பர்ஸ் மூடிக்கொள்ளும். போன வருஷம் வரை என் காசு பெரும்பாலும் நாவலுக்குத்தான் போனது. இந்த வருஷம் மொத்தத்தையும் படப்புத்தகத்தில் போட்டுவிட்டு மலையேறினேன்.

"என்னக்கா, காமிக்ஸுக்கு இறங்கிட்டீங்க?" என்று அளவு ப்ளவுஸ் கொடுக்க வந்த டீச்சர் சிரித்தார். தீபாவளித் துணி குவிந்து கிடந்த நேரம், அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம்.

சட்டென்று சொல்லி முடிக்கக் கூடியதை முதலில் முடித்துவிடுகிறேன். விலையில் நாவலுக்குத்தான் ஜெயம். தமிழில் கிடைப்பதிலும் அப்படியே. கடை கடையாக நாவல் அடுக்கியிருக்கும், தமிழில் கிராஃபிக் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும். நேரம் என்று பார்த்தால், மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் ஒரு படப்புத்தகத்தை முடித்துவிடலாம், வளைவுகளில் குமட்டாத உடம்பாக இருந்தால். நாவல் எனக்கு மூன்று வாரம் பிடிக்கும். கடை மூடியபிறகு படிக்கிறவளுக்கு அவ்வளவுதான் முடியும்.

நாவலைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நீலகிரிப் படுகர்களின் கதையான ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' இந்த வருஷம் இரண்டாம் தடவையாகப் படித்தேன். நான் படுகர் இல்லை, ஆனால் என்னிடம் துணி தைக்கிறவர்களில் பாதிப் பேர் ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து வருகிறவர்கள். சாமையும் ராகியும் விளைந்த மேடுகளில் தேயிலை ஏறியது, அந்தக் காசு வீடுகளுக்குள் புகுந்து என்ன செய்தது என்பதை அந்த நாவலில் படித்த பிறகுதான், கடையில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதிச் சண்டைகளின் வேர் எனக்குப் பிடிபட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை வைத்துக் காலத்தை எண்ணும் கதையை அவசரமாகச் சொல்ல முடியாது. அதற்குப் பக்கம் வேண்டும்.

அடுத்தது 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் கொண்டுவந்தார். கதை வால்பாறைப் பக்கம், நூறு வருஷத்துக்கு முந்தைய காலம். முன்பணம் வாங்கிக்கொண்டு மேஸ்திரியின் பின்னால் மலையேறிய குடும்பம் அந்தக் கடனை அடைக்கவே முடியாமல் கிடக்கிறது. வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது பாக்கி குறைந்திருக்காது, ஏறியிருக்கும். அட்டை, குளிர், காய்ச்சல் என்று பக்கம் பக்கமாக நாமும் கூடவே உழைத்து, நமக்கும் கையில் ஒன்றும் நிற்காத மாதிரி ஆகிவிடுகிறது. படத்தில் அட்டையை வரையலாம். கடன் மெல்ல மெல்ல வளர்வதை எப்படி வரைவது? இந்த ஒரு விஷயத்தில் நாவலை மிஞ்ச முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி என் பக்கத்து ஆட்கள்.

'பீமாயணம்' 2011-ல் ஆங்கிலத்தில் வந்தது, பிறகு தமிழிலும் வந்துவிட்டது. அம்பேத்கரின் வாழ்க்கையிலிருந்து தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று மூன்று துண்டு. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியத் தம்பதி. வழக்கமான காமிக்ஸில் இருக்கும் கட்டங்களே இதில் கிடையாது. கட்டத்துக்குள் அடைத்தால் மனுசருக்கு மூச்சு முட்டும், எங்கள் ஓவியத்தில் எல்லாருக்கும் மூச்சுவிட இடம் வேண்டும் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். பேச்சு வரும் குமிழியைப் பாருங்கள். சாதுவானவர்கள் பேசினால் குமிழி பறவை வடிவில் இருக்கும். சாதித் திமிரோடு பேசுகிறவன் வாயிலிருந்து வருவதற்குத் தேள் கொடுக்கு மாதிரி வால். என் கடையில் காஜா எடுக்கிற பெண் நாலாம் வகுப்போடு நின்றவள். யார் நல்லவர், யார் கொட்டுகிறவர் என்று ஒரு வரிகூடப் படிக்காமல் விரலை வைத்து வைத்துச் சொன்னாள். ஒரு இடம்கூடத் தப்பவில்லை.

இன்னொன்று மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபொலிஸ்'. அவர் தன் கதையைத் தானே வரைந்து சொல்லியிருப்பதால் கறாராகப் பார்த்தால் அது தன்வரலாறு. இருக்கட்டும், அலமாரியில் இரண்டும் ஒரே தட்டுதான். ஈரானில் 1979 புரட்சி, அதன்பின் ஈராக்கோடு போர், பதினாலு வயதில் பெண்ணை வியன்னாவுக்கு ஏற்றி அனுப்பும் பெற்றோர். வெறும் கறுப்பு வெள்ளை. முதல் பாகம் முடியும் இடத்தில் விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிறுமி திரும்பிப் பார்க்கிறாள். இந்தப் பக்கம் அம்மா மயங்கிக் கிடக்க, அப்பா தூக்கிக்கொண்டு போகிறார்.

என் அம்மா இலங்கையில், நுவரெலியாவில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக்கு என்று இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் எங்கள் தாத்தா வீட்டுக்கு இந்தியா என்று எழுதி வந்தது. கட்டிக்கொடுத்திருந்த பெரியம்மாவுக்கு அங்கேயே குடியுரிமை. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அரசுத் தேயிலைத் தோட்ட வேலை என்று இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நாவல் எதையும் அவர் தொட்டதில்லை. அந்தப் பக்கத்தை ஒருநாள் கடையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கப்பல்ல நான் திரும்பிப் பார்க்கல. பார்த்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான், எழுந்து டீ போடப் போய்விட்டார். ஐம்பது வருஷமாக அந்தப் பயணத்தைப் பற்றி அம்மா சொன்னவற்றில் இந்த ஒரு வாக்கியம் இருந்ததில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் டீச்சருக்கு என் பதில் முடிந்திருக்கும். ஆனால் காசு மொத்தத்தையும் ஒரு பக்கம் தள்ள வைத்த காரணம் வேறு. ஈரம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் ஜூலையில் தென்மேற்கு கொட்டித் தீர்த்துவிடும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மழை இல்லாத நாளிலும் மதியம் மூன்று மணிக்கு மூடுபனி வாசலைத் தாண்டி உள்ளே வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலே போய் அங்கேயே நின்றால் காகிதத்தில் பூசணம் பிடிக்கும் என்பது நூலகக்காரர்கள் கணக்கு. எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது, பீரோவில் கிடக்கும் தோல் செருப்பைப் பார்த்தால் போதும்.

இந்த ஊரில் புத்தகம் வாங்குகிறவர் கதையைப் பார்ப்பதோடு தாளையும் தடவிப் பார்க்க வேண்டும். நாவல் அச்சாவது சாதாரணத் தாளில். ஈரத்தைக் குடிக்கும், உப்பும், ஓரம் பழுக்கும், பழுப்புப் புள்ளி விழும். ஆனாலும் தை, மாசி வெயிலில் விரித்து வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பளபளவென்று வண்ணத்தில் வரும் படப்புத்தகங்கள் பலவும் ஆர்ட் பேப்பர். அந்தப் பளபளப்பு ஒரு களிமண் பூச்சு, அதைப் பிடித்து வைக்க ஒரு பசை. நனைந்தால் அந்தப் பசை இளகி, காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் படம் உரிந்துதான் வரும்.

பட்டுத் தெரிந்துகொண்டது இது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆசையாக வாங்கிய ஒரு வண்ணப் புத்தகம், பெயர் வேண்டாம், கூரை ஷீட் ஒழுகி ஓரம் நனைந்துவிட்டது. உடனே மெல்லப் பிரித்து, பக்கத்துக்கு இடையில் பட்டர் பேப்பர் வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும்போது தையல்காரிக்கு வேறு என்ன தோன்றும்! மேலே ஒரு துணி போட்டுத் தேய்த்தேன். காலருக்குப் பேஸ்டிங் கேன்வாஸ் வைத்துத் தேய்த்தால் துணியோடு எப்படிப் பிடித்துக்கொள்ளும், அப்படிப் பதினாறு பக்கம் ஒரே அட்டையாகப் பிடித்துக்கொண்டது. அந்த அட்டை இன்னும் கடையில் இருக்கிறது. சுடிதார் கழுத்து வரைய ஸ்கேலுக்குப் பதில் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் ஈரத்தைப் பார்த்தால் நாவலுக்குத்தானே போக வேண்டும்? நானும் அப்படி நினைத்துத்தான் நடுவில் இரண்டு வருஷம் படப்புத்தகப் பக்கமே போகாமல் இருந்தேன். போன மார்கழியில் அலமாரியை மொத்தமாக இறக்கித் துடைத்தபோது கண்டதுதான் கணக்கை மாற்றியது. நான் பத்திரப்படுத்தி, மேல்தட்டில் நெருக்கி அடுக்கி, வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்திருந்த நாவல்களில் பாதிக்கு மேல் முதுகில் சாம்பல் பூத்திருந்தது. வேப்பிலையும் வசம்பும் பூச்சியை விரட்டும், பூசணம் அவற்றை மதிக்காது. அந்துருண்டையும் அப்படித்தான். ஆனால் கீழே பெஞ்சில், யாரும் கவனிக்காமல் கிடந்த 'பீமாயண'மும் 'பெர்செபொலி'ஸும் சுத்தமாக இருந்தன. ஓரம் கிழிந்திருந்தது, ஒரு பக்கத்தில் டீ வட்டம், இன்னொன்றில் ஏதோ குழந்தை பேனாவால் மீசை வரைந்திருந்தது. பூசணம் மட்டும் இல்லை.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பூசணத்துக்கு வேண்டியது அசையாத காற்று. பெஞ்சுப் புத்தகத்தை ஃபால்ஸ் அடிக்கக் காத்திருக்கும் அம்மா புரட்டுகிறார், யூனிஃபார்முக்கு வந்த பையன் புரட்டுகிறான், மழைக்கு ஒதுங்கிய பஸ் கண்டக்டர் புரட்டுகிறார். பத்து நிமிஷத்தில் அதிலிருந்து ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். ஒரு நாளைக்கு நாலு தடவை பக்கங்களுக்குள் காற்றுப் போய் வருகிறது. நாவலை நான் படித்து முடித்து மூடினால், மறுபடி யாராவது திறக்க மூன்று வருஷம் ஆகும். துணிபீரோவில் நாற்பது வாட்ஸ் குண்டு பல்ப் எரியவிட்டு ஈரம் போக்குவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. புத்தக அலமாரிக்கும் அதைச் செய்துபார்த்தேன், கரண்ட் பில்லைப் பார்த்து நிறுத்திவிட்டேன். ஆட்கள் புரட்டுவதற்குப் பில் வருவதில்லை.

இதில் ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். நாவல்கள் இருபது வருஷமாக இந்த அலமாரியில் இருப்பவை, படப்புத்தகம் மொத்தம் ஏழு, அதில் பழையதற்கே ஐந்து வருஷம் ஆகவில்லை. கெட்டித் தாள் பத்தாவது மழைக்காலத்தில் எப்படி நிற்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. கடை பெஞ்சு இல்லாமல், வீட்டில் தனியாகப் படித்து மூடி வைக்கிற ஆளுக்கு என் கணக்கு அப்படியே தலைகீழாகப் போகும். அவர் நாவலே வாங்கட்டும், அலமாரியில் நெருக்கி அடுக்காமல், சுவரை ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி வைக்கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'மௌஸ்' என்ற, யூதர்களை எலியாகவும் நாஜிகளைப் பூனையாகவும் வரைந்த புத்தகத்தை நான் படித்ததாகக் கணக்கில் சேர்க்கவில்லை. 1992-ல் புலிட்சரின் சிறப்புப் பரிசு வாங்கிய புத்தகம், இந்த வகையின் பெரிய அண்ணன். என் அண்ணன் மகன் ஆங்கிலத்தை வாய்விட்டுத் தமிழில் சொல்ல, நான் காஜா பார்த்துக்கொண்டே கேட்டேன். படத்தைப் பார்க்காமல் படப்புத்தகம் கேட்டவள் அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது சரியில்லை.

மேல்தட்டு நாவல்களை மாசி வெயிலில் கட்டிங் டேபிள் மேல் விரித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் சாம்பலைத் தட்டினேன். நேர்வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கவில்லை, அட்டை வெளுத்துவிடும். நான்கு தேறவில்லை. தேறியவற்றில் ஒன்றைச் சோதனைக்காகப் பெஞ்சில் போட்டு வைத்தேன், 'எரியும் பனிக்காடு'. இரண்டு வாரம் அதை யாரும் தொடவில்லை. மூன்றாவது வாரம், பாவாடைக்கு நாடா கோக்கக் கொண்டுவந்த ஒரு தோட்டத்து அம்மா எடுத்தார். நான் வேலையை முடித்து நிமிர்ந்தபோது பதினோராம் பக்கத்தில் இருந்தார். மூலையை மடித்து, புத்தகத்தைத் துணி மூட்டைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, "இதை யாருக்கும் குடுத்துடாத புள்ள, சனிக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.