24 இன்ச்சா, 27 இன்ச்சா? மதுரை வெயிலுக்கும் கரண்டுக்கும் ஏற்ற கேமிங் பிசி

சொந்தமாக கேமிங் பிசி அசெம்பிள் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்றுதான். என்னைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. முதலில் மானிட்டர். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு எத்தனை பிக்சல் வரைய வேண்டும் என்பது மானிட்டரைப் பொறுத்தது. 1080பி (1920 x 1080) என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி (2560 x 1440) என்றால் சுமார் 36.9 லட்சம், அதாவது கிட்டத்தட்ட 1.8 மடங்கு. கேமும் கார்டும் அதேதான், ஆனால் மானிட்டர் மாறியதும் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) கணக்கே வேறாகிவிடும்.

மானிட்டரோடு சேர்த்து ஒரு லட்சத்தை ஒட்டிப் பணம் வைத்திருப்பவர் கடைசியில் இரண்டு செட்டுகளுக்கு நடுவில் வந்து நிற்பார். ஒன்று, 24 இன்ச் 1080பி 180 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதோடு ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெல்லின் ஐ5 12400எஃப் ப்ராசசர். இன்னொன்று, 27 இன்ச் 1440பி மானிட்டர், அதோடு ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய ப்ராசசர் சாக்கெட்) போர்டில் ரைசன் 5 7600. உசிலம்பட்டியில் இருக்கிற என் அக்கா மகன் இப்போது அங்கேதான் நிற்கிறான். "மாமா, 5060ஆ 9060 எக்ஸ்டியா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்கிறான். இரண்டும் கிராஃபிக்ஸ் கார்டுகள், முதலாவது என்விடியா, இரண்டாவது ஏஎம்டி. நீ என்ன விளையாடுவாய், எந்த அறையில் உட்கார்ந்து விளையாடுவாய், உன் வீட்டுக் கரண்ட் எப்படி, இந்த மூன்றும் தெரியாமல் எப்படிடா ஒரே வார்த்தையில் சொல்வது?

24 இன்ச்சில் 1080பி என்றால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 பிக்சல். 27 இன்ச்சில் 1440பி என்றால் சுமார் 109. எழுத்து கூர்மையாகத் தெரியும், ஓப்பன் வேர்ல்டு கேம்களில் தூரத்து மரம், கட்டடம் எல்லாம் துலக்கமாக இருக்கும், படிப்பு வேலைக்கும் இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டில் எதை எடுத்தாலும் நல்லதுதான். எடுக்கக் கூடாதது நடுவில் வருகிற 27 இன்ச் 1080பி. பெரிய திரை, விலையும் குறைவு என்று கடையில் அதைத்தான் நம் முன்னால் வைப்பார்கள். இன்ச்சுக்கு 82 பிக்சல்தான், மேசையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் எழுத்தின் விளிம்பு பிசிறடிப்பது கண்ணுக்குத் தெரியும். வேண்டாம்.

அடுத்தது ஹெர்ட்ஸ், அதாவது திரை ஒரு செகண்டுக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் திரையில் நிற்கிறது, 144-ல் 6.9. இந்த மாற்றத்தை யார் வேண்டுமானாலும் மவுஸை ஒருமுறை அசைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். 144-லிருந்து 240-க்குப் போனால் மிச்சமாவது வெறும் 2.8 மில்லிசெகண்ட், 180-லிருந்து 240-க்கு 1.4. வேலரண்ட், சிஎஸ்2 மாதிரி கேம்களைப் போட்டிக்காகவே விளையாடுகிறவருக்கு அது தேவைப்படலாம். மற்றவர்கள் 165 அல்லது 180 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டு மிச்சப் பணத்தை நல்ல பேனலில் போடலாம். அடாப்டிவ் சிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு ஏஎம்டி வைத்த பெயரான ஃப்ரீசிங்க் என்று எழுதியிருந்தால் என்விடியா கார்டுக்கு ஆகாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2019 ஜனவரியிலேயே என்விடியா அந்தக் கதவைத் திறந்துவிட்டது, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் போட்டால் பெரும்பாலான ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் வேலை செய்யும்.

பேனல்தான் நம் ஊருக்கு முக்கியம். ஐபிஎஸ், விஏ என்று பேனலில் இரண்டு வகை. ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பொதுவாக 1000-க்கு 1, விஏ பேனலில் 3000-க்கு 1 வரை கிடைக்கும். காகிதத்தில் விஏ ஜெயிக்கிறது, இருட்டறையில் கருப்பு கருப்பாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்த விஏ பேனல்களில் இருட்டுக் காட்சியில் கேமராவைத் திருப்பினால் பின்னாலேயே ஒரு கரிய தடம் இழுத்துக்கொண்டு வரும், வேகமான கேமுக்கு அது எரிச்சல். அதோடு நாம் இருட்டறையிலா விளையாடுகிறோம்? சித்திரை வைகாசியில் ஜன்னலைச் சாத்தினால் வெந்துபோவோம், திறந்தால் அறை முழுக்க வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் விஏவின் ஆழ்ந்த கருப்பு பாதி காணாமல் போய்விடும். ஆகவே ஐபிஎஸ்தான் என் தேர்வு. ஓஎல்இடி அழகு, அதன் வேகத்துக்கு எதுவும் பக்கத்தில் வராது, ஆனால் விலை இந்த பட்ஜெட்டுக்குள் அடங்காது. பகலெல்லாம் ஒரே டாஸ்க்பார் நிற்கிற மாதிரி படிப்புக்கும் அதையே பயன்படுத்தினால் பர்ன்-இன் (ஒரே படம் நின்று திரையில் தடமாகப் பதிவது) பயமும் சேர்ந்துகொள்ளும்.

பெட்டியில் "1 எம்எஸ்" என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜிடிஜி (பிக்சல் நிறம் மாறும் நேரம்) என்பதும் எம்பிஆர்டி (அசையும் படம் எவ்வளவு மங்குகிறது என்பதன் அளவு) என்பதும் வேறு வேறு அளவுகள், கம்பெனிகள் தங்களுக்குச் சாதகமானதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கின்றன. "எச்டிஆர் 400" முத்திரைக்கும் லோக்கல் டிம்மிங் (திரையில் பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் குறைப்பது) அவசியமில்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். உயரம் ஏற்றி இறக்குகிற ஸ்டாண்டுக்கு வேண்டுமானால் கொடுங்கள், கழுத்து நன்றி சொல்லும்.

இப்போது கார்டுக்கு வருவோம். ஆர்டிஎக்ஸ் 5060 2025 மே மாதம் வந்தது, 8 ஜிபி மெமரி, 145 வாட். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அடுத்த மாதமே வந்தது, 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. பெயர் ஒன்றே, உள்ளே சரக்கு பாதி, எனவே பில்லில் 16 ஜிபி என்று எழுதி வாங்குங்கள். 1080பியில் வேலரண்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5 விளையாட 5060 தாராளமாகப் போதும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் (குறைந்த பிக்சலில் வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் முறை) தருகிற படத் தரம் நன்றாக இருக்கிறது, மின்சாரமும் குறைவாக எடுக்கிறது. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், கல்லூரியில் ஏஐ ப்ராஜெக்ட் என்று போகிறவர்களுக்கு என்விடியாவின் 'கூடா' (CUDA) மென்பொருள் ஒரு பெரிய பலம், இதில் ஏஎம்டி இன்னும் பின்னால்தான்.

ஆனால் 1440பி என்று முடிவெடுத்துவிட்டால் நான் 9060 எக்ஸ்டி 16 ஜிபி பக்கம்தான். புதிய பெரிய கேம்கள் உயர்ந்த டெக்ஸ்ச்சரில் 8 ஜிபியைத் தாண்டுகின்றன, தாண்டியதும் கார்டு மெயின் ராமிடம் போய்க் கேட்கிறது, அங்கேதான் திடீர் திடீரென்று கேம் தடுக்கி நிற்கிறது. சராசரி எஃப்பிஎஸ் வரைபடத்தில் இது தெரியாது, விளையாடும்போது தெரியும். இன்னொரு விஷயம், 5060 எட்டு பிசிஐஇ லேன்களில்தான் (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதைகள்) பேசும், 9060 எக்ஸ்டி பதினாறில் பேசும். பழைய பி450, ஏ520 போர்டுகள் பிசிஐஇ 3.0தான், அதில் 5060-ஐ மாட்டினால் பாதை இன்னும் குறுகலாகி 8 ஜிபி நிறையும்போது வலி கூடும். ஃப்ரேம் ஜெனரேஷனை (நடு நடுவே கார்டே செயற்கையாக ஃப்ரேம் போட்டு நிரப்புவது) காட்டி "இரண்டு மடங்கு, நான்கு மடங்கு எஃப்பிஎஸ்" என்பார்கள். 30 எஃப்பிஎஸ் ஓடுகிற கேம் 120 மாதிரித் தெரியும், ஆனால் மவுஸ் கைக்கு 30 மாதிரியேதான் இருக்கும். 60-க்கு மேல் ஏற்கெனவே ஓடுகிற கேமுக்குத்தான் அது உதவி.

இன்டெல் ஆர்க் பி580-ஐயும் கேட்கிறார்கள். 12 ஜிபி, 190 வாட். புது ப்ராசசரோடு போட்டால் நல்ல சரக்கு. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) வேலை செய்யாத போர்டிலும் வேகம் குறைந்த பழைய ப்ராசசரிலும் அது சோர்ந்துவிடும், எனவே 5600 செட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ப்ராசசரில் ரைசன் 5 5600 ஆறு கோர், ஐ5 12400எஃப்பும் ஆறு கோர், 7600-ம் ஆறு கோர். கேமிங்கில் முதல் இரண்டும் கிட்டத்தட்ட தோளோடு தோள், 7600 தெளிவாக ஒரு படி மேலே. இங்கே பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. 5500, 5600ஜி இரண்டும் 5600-ன் தம்பிகள் மாதிரித் தெரியும், ஆனால் அவற்றில் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பிதான், 5600-ல் 32. பிசிஐஇயும் 3.0-வோடு நின்றுவிடும். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எதிர்காலத்தைப் பார்த்தால் ஏஎம்5தான். 5600 உட்காரும் பழைய ஏஎம்4 போர்டுக்கு 2017-லிருந்து ரைசன் ப்ராசசர்கள் வந்தன, அடுத்த தலைமுறைகள் ஏஎம்5-க்குப் போய்விட்டன. 12400எஃப் உட்காரும் இன்டெல் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14 தலைமுறைகளோடு முடிந்தது. ஏஎம்5-ஐ 2027 வரையாவது தாங்குவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, இன்று 7600 வாங்கியவர் பிறகு போர்டை மாற்றாமலே 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி மாதிரி வேகமான ப்ராசசரைப் போட்டுக்கொள்ளலாம். 7600-க்குள் சின்ன கிராஃபிக்ஸும் இருக்கிறது, கார்டு வாரண்டிக்குப் போனாலும் வீட்டில் பிசி ஓடும். 5600-லும் 12400எஃப்பிலும் அது இல்லை, கார்டு போனால் திரை கருப்புதான்.

இதையெல்லாம் குழப்புவது ராம் விலை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில், க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஏஎம்5-க்குப் புது வகை ராமான டிடிஆர்5 மட்டும்தான் ஆகும். எனவே பழைய பிசியில் டிடிஆர்4 ராம் 16 ஜிபி சும்மா கிடக்கிறவர் ஏஎம்4 ரக பி550 போர்டும் 5600-ம் போட்டுவிட்டு அந்தப் பணத்தைக் கார்டுக்குத் திருப்புவதுதான் புத்திசாலித்தனம். கையில் எதுவுமே இல்லாமல் முதலிலிருந்து தொடங்குகிறவர் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏஎம்5 பக்கம் போகட்டும். எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ ஜென்4, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸில் (பிசிக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி) மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் கிராமப்புறத்தில் மும்முனை கரண்ட் வந்ததும் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும், வீட்டு டியூப்லைட் மங்கும். அந்த நேரத்தில்தான் பையன் கேமில் உட்கார்ந்திருப்பான். விலை மலிந்த சில எஸ்எம்பிஎஸ்கள் 200 முதல் 240 வோல்ட் வரைக்கும்தான் என்று லேபிளிலேயே போட்டிருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். 100 முதல் 240 என்று போட்டு, ஆக்டிவ் பிஎஃப்சியும் (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையும் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று) உள்ள 550 வாட் இந்த இரண்டு செட்டுக்கும் போதும், பிறகு பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650. கேபினட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி கார்டை மாட்டாதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் பின்னாலிருக்கும் சுவிட்சைப் பாருங்கள், அது யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். சாதாரண மோடில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற இடைவெளி அதிகம், எஸ்எம்பிஎஸ் அதுவரை தாக்குப்பிடிக்காமல் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் இன்னும் நல்லது. தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ என்பது பொதுவாக 360 வாட்தான், கேம் ஓடும்போது கார்டும் ப்ராசசரும் மானிட்டரும் சேர்ந்து அதை முட்டிவிடும், 1000 விஏவாகப் பாருங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஐப்பசி இடிக்கு ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடியா, மெஷ்ஷா என்று கேட்டால், மதுரையில் மெஷ்தான். அறை 25 டிகிரியில் இருக்கும்போது 65-ல் நிற்கிற கார்டு, அறை 38 ஆனால் கிட்டத்தட்ட 78-க்கு ஏறும், கண்ணாடி முகம் காற்றை அடைத்தால் அதற்கும் மேலே. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இவ்வளவு போதும். தண்ணீர் கூலர் தேவையில்லை, 65 வாட் ப்ராசசருக்கு ஒரு நடுத்தர ஏர் கூலர் அமைதியாகவே வேலை பார்க்கும். டஸ்ட் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவதை மட்டும் மறக்கக் கூடாது, நம் தெருப் புழுதி அப்படி.

எங்கே வாங்குவது? மானிட்டரை மதுரைக் கடையிலேயே வாங்குங்கள், ஆன்லைனில் கொஞ்சம் குறைந்தாலும் சரி. கடையிலேயே பெட்டியைப் பிரித்து வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் போட்டு டெட் பிக்சல் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வரலாம். எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே. ப்ராசசர், எஸ்எஸ்டி எளிதில் பழுதாகாதவை, ஆன்லைனிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ விலை நன்றாக இருந்தால் எடுக்கலாம். கார்டுக்கு இரண்டு விலையையும் ஒப்பிட்டு, வாரண்டிக்கு கூரியரில் அனுப்புகிற செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் பாதியாகச் சுருங்கும். எதுவானாலும் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய பழைய கார்டு மலிவாக வருகிறது என்றால், வேண்டாம் என்பதே என் பதில்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது 24 இன்ச் ஐபிஎஸ், 5600, பி550, 5060. அவன் முக்கால்வாசி நேரம் வேலரண்ட், வீட்டில் டிடிஆர்4 ராம் கிடக்கிறது, கல்லூரியில் ஏஐ பாடமும் இருக்கிறது. அவனே கதை கேம்கள் விளையாடுகிறவனாக, ராம் இல்லாதவனாக இருந்திருந்தால் 27 இன்ச் 1440பி, 7600, 9060 எக்ஸ்டி 16 ஜிபி என்று சொல்லியிருப்பேன், அந்தச் செட்டில் ஒன்றைக் கழற்றி இதில் போடுவது சரிவராது.

மாட்டி முடித்த பிறகு மூன்று வேலை பாக்கி இருக்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்டில் குத்த வேண்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுகொண்டிருந்தால் 180-க்கு மாற்ற வேண்டும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்கிற ராம் வேக செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் 6000 என்று வாங்கிய டிடிஆர்5 ராம் 4800-லேயே ஓடும். பயாஸில் இருக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆன் ஆகியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள், விண்டோஸ் 11-ல் வேலரண்ட் அவை இல்லாமல் திறக்காது.