டர்பனில் ‘மருத்துவக் கஞ்சா’ வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிற 62 வயது ஆள், டாகா (தென்னாப்பிரிக்காவில் கஞ்சாவுக்கு இதுதான் பேர்) வாங்கப் போய் ஏமாந்தேன் என்று சொன்னால் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சிரிக்கட்டும். அதே கடைக்குப் போக நம் ஆட்கள் இன்னும் சிலர் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. பலகையை மாற்றி அடுத்த தெருவில் திறக்க அவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம். இரண்டு வருஷமாகப் பாத எரிச்சல். பகலில் அவ்வளவாகத் தெரியாது, படுத்தால் ஆரம்பித்துவிடும். சின்ன வயசில் கேட்டோ மேனர் கோயிலில் தீ மிதித்திருக்கிறேன், அதுகூட இப்படி எரிந்ததில்லை. அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள், வாய் வறண்டு நாக்கு அட்டை மாதிரி ஆனது. பிரிகாபலின் கொடுத்தார்கள், தலைசுற்றல். அப்போதுதான் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் அக்கா மகன், “மாமா, இப்போ அது மருந்தா சட்டப்படியே கிடைக்குது, நானும் முதுகுவலிக்கு அங்கதான் வாங்குறேன்” என்றான்.

கடை மருந்துக்கடை மாதிரியே இருந்தது. பச்சை சிலுவை, கண்ணாடி ஜாடிகள், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன். டாக்டரா என்று கேட்டேன். “ஆலோசகர், அங்கிள்” என்றான். ஒரு படிவம் நிரப்பினேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு கட்டம்கூட அதில் இல்லை. ஐந்தே நிமிஷத்தில் என் பெயர் அச்சடித்த அட்டை வந்தது. “உங்க பிரிவு 21 முடிஞ்சது” என்றான். கஞ்சாவை மருந்தாக வாங்குவதற்கான அனுமதியாம். அதற்கு 650 ராண்ட். ஐந்து கிராம் கஞ்சாப் பூ 900. புகைக்கக் கூடாது, ஆவியாக்கித்தான் இழுக்க வேண்டும் என்று ஒரு கருவி, அது 1,400. ஆக மொத்தம் 2,950 ராண்ட்.

பூவின் பெயர் டர்பன் பாய்சன். எங்கள் ஊர்ப் பெயரையே எனக்கு விற்றான். “இது இண்டிகா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவீங்க” என்றான். உலகம் முழுக்க அந்த ரகம் கஞ்சாவின் இன்னொரு வகையான சாட்டிவா என்றும், ஆளை எழுப்பி உட்கார வைக்கிற ரகம் என்றும்தான் பேர் வாங்கியது என்பது பிறகு தெரிந்தது. இந்த இண்டிகா, சாட்டிவா என்கிற பேர்களை வைத்து ஒரு பூ என்ன செய்யும் என்று சொல்லவே முடியாதாம், அது வேறு கதை. நான் கேட்டது தூக்கத்துக்கு, அவன் கொடுத்தது கையில் இருந்ததை.

முதல் ராத்திரி இரண்டு இழுப்பு. ஒன்றும் தெரியவில்லை என்று அவசரப்பட்டு இன்னும் இரண்டு. பத்து நிமிஷத்தில் நெஞ்சு உடுக்கை அடிக்க ஆரம்பித்தது. பாத்ரூமுக்குப் போக எழுந்தேன், கண் இருட்டியது, தொட்டி விளிம்பில் போய் விழுந்தேன். வீட்டுக்காரி பிரஷர் மெஷினைக் கட்டிப் பார்த்தாள்: 92க்கு 58, நாடி 124. நான் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவன். கஞ்சாவில் போதை தருகிற பொருளான டி.எச்.சி. நாடித்துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கவும் செய்யும். அந்தப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்திருந்தால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் தனியாகச் சொன்னார். கஞ்சாவில் இருக்கும் சி.பி.டி. என்கிற இன்னொரு பொருள் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடுமாம்.

மனசாட்சிப்படி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ராத்திரி ஒரு இரண்டு மணி நேரம் பாதம் எரியவில்லை. அல்லது எரிந்தது, எனக்கு அது யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கால் மாதிரி இருந்தது. அதனால்தான் பூவைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஜாடியைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை. பிப்ரவரி மாத டர்பன் புழுக்கம் உங்களுக்குத் தெரியும், ஆனால் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. பூவில் வெள்ளையாக ஏதோ. கடைக்குக் கொண்டுபோனேன். “அது பிசின் முடி அங்கிள், தரமான பூவுக்கு அதுதான் அடையாளம்” என்றான். வீட்டுக்கு வந்து பேத்தியின் பள்ளிக்கூட பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிசின் உப்புக் கல் மாதிரி மின்னியது, அது தனியாகத் தெரிந்தது. இது சிலந்தி வலை மாதிரி மங்கலாக, இதழுக்கு இதழ் படர்ந்திருந்தது. பூஞ்சணம். நான்கு நாள் இருமலுக்கு அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கீமோ எடுக்கிற ஒருவர் இதை இழுத்திருந்தால் நுரையீரல் என்ன ஆகும்?

அப்புறம்தான் பூவோடு கடையில் கொடுத்த சோதனைச் சான்றிதழை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். வாங்கும்போது முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன், வாத்தியார் புத்தி. ஜாடியில் ஒரு தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தாளில் வேறு எண். சோதித்த தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது. டி.எச்.சி. 18 சதவீதம் என்ற ஒரு வரி தவிர வேறொன்றும் இல்லை. பூஞ்சணம், பூச்சிமருந்து, கன உலோகம் மூன்றுக்கும் சோதனை நடந்ததாகவே அதில் காணோம்.

எங்கள் டாக்டர் அந்த அட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதுவே எனக்கு ஆறுதல். பிரிவு 21 என்பது 1965ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தில் வருவது. பதிவு பெற்ற டாக்டர்தான் சாப்ரா எனப்படும் மருந்து ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, இன்ன நோயாளிக்கு இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி ஆணையத்திடமிருந்து வர வேண்டும், கடையிலிருந்து அல்ல. என் அட்டையில் இருந்தது கடைச் சின்னமும் என் பெயரும்தான், அந்தப் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அடுத்த பாடம். ரசீதை நீட்டினான். அதில் “உறுப்பினர் நன்கொடை” என்று இருந்தது. விற்கவே இல்லையாம், நான் நன்கொடை கொடுத்தேனாம். 2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் வயது வந்தவர்கள் தனி இடத்தில் பயன்படுத்தலாம் என்றது. 2024 மே மாதம் ஜனாதிபதி ராமபோசா அதற்கான சட்டத்தில் கையெழுத்தும் போட்டார். வீட்டில் வளர்க்கலாம், வைத்திருக்கலாம். அனுமதி இல்லாமல் காசுக்கு விற்பது இன்றும் குற்றம். காசு கொடுத்து வாங்கிய நான் எந்த முகத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது? அவர்களுடைய தைரியமே அதுதான்.

வீட்டுக்காரிக்கு இதில் வேறொரு வேடிக்கை கிடைத்தது. 1870இல் இங்கிருந்த பிரிட்டிஷ் நேட்டால் அரசு, கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்கள் கஞ்சா புகைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. “அன்னைக்கே வேணாம்னு சொன்னான், நீங்கதான் கேக்கல” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் இப்போது முறைப்படி விண்ணப்பித்திருக்கிறார். பூ அல்ல, அளவு குறித்த எண்ணெய். நரம்பு வலிக்குச் சிலருக்கு ஓரளவு கேட்கும், சிலருக்குக் கேட்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் சாப்பிட வந்தபோது, அவனுக்குக் கொடுத்த சான்றிதழை எடுத்துவரச் சொல்லி என்னுடையதையும் பக்கத்தில் வைத்தேன். அதே தொகுதி எண், அதே தேதி, அதே 18 சதவீதம். அவன் வாங்கியது வேறு ரகம்.