கோயில் பத்திரம் யார் பெயரில்? ஆயரா, பங்கா?

ஞாயிறு பூசையில் காணிக்கை போடும்போது அந்தப் பணம் எந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் 2004இல் கேட்டே தீர வேண்டியதாயிற்று. அந்த ஜூலையில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து உயர்மறைமாவட்டம் திவால் நீதிமன்றத்தை நாடியது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் கத்தோலிக்க மறைமாவட்டம் அதுதான். குருக்களின் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்குகளே காரணம். மறைமாவட்டம் என்பது ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி; பங்கு என்பது அதற்குள் ஒரு கோயிலைச் சுற்றிய இறைமக்கள் சமூகம். இழப்பீட்டுக்கு ஈடாகும் சொத்தில் பங்குக் கோயிலும் பள்ளியும் சேருமா என்ற கேள்வி உடனே எழுந்தது.

சொத்தை யார் பெயரில் வைப்பது என்பதற்கு அமெரிக்க மறைமாவட்டங்களில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு.

முதலாவது ‘கார்ப்பரேஷன் சோல்’. ஆயர் பதவியையே சட்டம் ஒரு நிறுவனமாக ஏற்கிறது. எல்லாச் சொத்தும் அதன் பெயரில் இருக்கும். ஆயர் மாறினால் அடுத்தவர் கைக்குத் தானாகப் போய்விடும். இது வெறும் அதிகார ஆசையில் பிறந்த ஏற்பாடு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல பங்குகளில் பொதுநிலை (குருக்கள் அல்லாத) டிரஸ்டிகள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குருவை நியமிப்பதும் நீக்குவதும் தங்கள் உரிமை என்று ஆயர்களோடு மோதினார்கள். அதனால்தான் 1829இல் ஆயர்கள் கூடிய பால்டிமோர் மாகாணச் சங்கம், கோயில்கள் ஆயர் பெயரில் எழுதப்பட வேண்டும் என்றது. நிர்வாகத்துக்கும் வசதி: ஒரே கையெழுத்தில் கடன் வாங்கலாம், வசதியான பங்கின் பணத்தில் ஏழைப் பங்கைத் தாங்கலாம்.

போர்ட்லாந்தில் அந்த வசதியே வினையானது. ‘திருச்சபைச் சட்டப்படி சொத்து பங்குகளுடையது, பேராயர் வெறும் காப்பாளர்’ என்று உயர்மறைமாவட்டம் வாதாடியது. திருச்சபைச் சட்டத்தின் 1256ஆம் எண்ணும் சொத்தை முறையாகப் பெற்ற அமைப்புக்கே அது உரியது என்கிறது. 515ஆம் எண்படி ஒவ்வொரு பங்கும் சட்ட ஆளுமை உடையது. ஆனால் 2005 டிசம்பரில் திவால் நீதிபதி நாட்டுச் சட்டத்தை மட்டுமே பார்த்தார். பத்திரத்தில் இருந்தது பேராயர் பெயர், ஆகவே சொத்து உயர்மறைமாவட்டத்தினுடையது. இந்த ஆபத்தை ரோம் முன்பே உணர்ந்திருந்தது என்பதுதான் எனக்கு வேதனை. 1911இலேயே வத்திக்கானின் நிர்வாகத் துறை ஒன்று அமெரிக்க ஆயர்களுக்கு எழுதி, ஒவ்வொரு பங்கையும் தனி நிறுவனமாக்கும் பங்குவாரி நிறுவன முறையே சிறந்தது என்று சொல்லியிருந்தது.

அந்த இரண்டாவது ஏற்பாட்டை மின்னசோட்டா மாநிலத்தில் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு பங்கும் தனி நிறுவனம். பேராயர், முதன்மைக் குரு, பங்குத்தந்தை, இரண்டு பொதுநிலையினர் என ஐந்து பேர் கொண்ட குழு அதை நடத்துகிறது. அங்குள்ள செயின்ட் பால் – மினியாபொலிஸ் உயர்மறைமாவட்டம் 2015இல் திவாலுக்குப் போனபோது, பாதிக்கப்பட்டோர் தரப்பு சுமார் 200 பங்குகளையும் பள்ளிகளையும் பிற அமைப்புகளையும் உயர்மறைமாவட்டச் சொத்தோடு ஒரே பையில் சேர்க்கக் கேட்டது. ஐவரில் மூவர் குருக்கள், பங்குத்தந்தையை நியமிப்பதும் பேராயர்தான் என்றால் இவை உண்மையில் தனித்தனியா? நியாயமான கேள்விதான். ஆனாலும் 2018 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தக் கோரிக்கையை மறுத்தது. அடுத்த மாதமே சுமார் 450 பேருக்கு 21 கோடி டாலர் என உடன்பாடு ஆனது. பெரும்பகுதி காப்பீட்டு நிறுவனங்களின் பணம், பங்குகளும் பங்களித்தன.

ஆக, என் தேர்வு பங்குவாரி நிறுவனமே. பங்குகள் தப்பின என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கும் கணிசமான இழப்பீடு கிடைத்தது. கூரை போடக் காசு கொடுத்த குடும்பங்களின் கோயிலும் நின்றது.

ஆனால் பத்திரம் மட்டும் தனியாக இருந்தால் போதாது. டெலவர் மாநிலத்தின் வில்மிங்டனில் பங்குகள் தனி நிறுவனங்கள்தான். எனினும் அவற்றின் உபரிப் பணம் மறைமாவட்டத்தின் பொது முதலீட்டுக் கணக்கில் மறைமாவட்டப் பணத்தோடு கலந்து கிடந்தது. 2009இல் மறைமாவட்டம் திவாலுக்குப் போனதும் ‘அது எங்கள் பணம்’ என்றன பங்குகள். அது பங்குகளுக்காக வைத்திருந்த பணம் என்று நீதிபதி ஏற்றார். ஆனால் கலந்துபோனதில் எந்த டாலர் யாருடையது என்று பிரித்துக் காட்ட முடியாததால், 2010இல் அதை மறைமாவட்டச் சொத்தாகவே கருதினார். மொத்தமாகப் போட்டால் வட்டி கூடுதல், கணக்கெழுதும் வேலை குறைவு என்பதெல்லாம் சரிதான். அதற்குக் கொடுத்த விலை இது.

நெருக்கடி வந்த பின் பிரித்து வைப்பது அதைவிட மோசம். மில்வாக்கி உயர்மறைமாவட்டத்தில் 2007இல் வத்திக்கானின் அனுமதி பெற்று, பிறகு சுமார் 5.7 கோடி டாலர் கல்லறைத் தோட்ட அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. வழக்குகளிலிருந்து பணத்தைக் காப்பதும் நோக்கம் என்று அன்றைய பேராயரின் கடிதமே காட்டியது. 2011இல் திவால், பிறகு அந்தப் பணத்தைச் சுற்றியே ஆண்டுக்கணக்கில் வழக்கு. 2015இல் 330க்கும் மேற்பட்டோருக்கு எனப் பேசி முடிந்தது 2.1 கோடி டாலர். கல்லறைகளைப் பராமரிக்கும் கடமை உண்மையானதே. அதற்கென்று முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கு வைத்திருந்தால், அந்தப் பணம் ஒளித்து வைத்ததாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தோன்றியிருக்காது.